கெராச்சூட் மணலில் ஒரு தூக்கம்

இது ஒங்க பையா தங்கச்சி? கொஞ்சம் நகத்திக்கிறீங்களா, நான் இப்படி ஒக்காந்துக்கிறேன். இங்கேருந்துதான் அந்தக் கதவு நேரா தெரியும். கதவு தொறக்கிறப்ப நான் கண்ணுல படலன்னா அவருக்கு ஆகாது.

உள்ள எங்க வீட்டுக்காரரு. இடுப்பு எலும்பு. விழுந்து ஒடஞ்சு, ஆப்பரேஷன் பண்ணி, இப்ப நடக்கப் பழக்கிவிடுறாங்க. ஒங்களுக்கு யாரு, அப்பாவா? ஸ்ட்ரோக்கா? பாவம். நீங்க பசியாறிட்டு வந்தீங்களா? இங்க நேரமாகும்லா. கீழ கன்டீன்ல மீகூன் நல்லாருக்கும்னு சொல்றாங்க. நான் போனதில்ல. கதவ விட்டுட்டு எப்படிப் போறது?

எங்க விழுந்தாருன்னு கேளுங்க. பாத்ரூம்லன்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க. இல்ல, மலையில. தெலுக் பஹாங் காட்டுல. இந்த வயசுல, சக்கரை ஒடம்பு, கால்ல வெறும் சிலிப்பர். எனக்காக ஏறினாரு. எந்தப் புருஷன் ஏறுவான் சொல்லுங்க? ஒங்க வீட்டுக்காரரு ஏறுவாரா? இன்னும் கல்யாணம் ஆகலையா? சரி, அப்ப தெரிஞ்சுக்குங்க.

தப்பு யாரு மேலயும் இல்ல தங்கச்சி. அவரு மேலயும் இல்ல, என் மேலயும் இல்ல. பிலோமினா மேலதான்.

பிலோவும் நானும் மேகலாவும் பாயான் லெப்பாஸ்ல ஒரே ஃபேக்டரி, ஒரே லைன். சிப்பு செய்யிற எடம். குனிஞ்சு மைக்ராஸ்கோப்ப பாத்தா நேரம் முடியறப்பதான் நிமிரணும். மேகலா பாக்கச் சீனப் பிள்ளை மாதிரி இருப்பா, பொறந்ததும் சீனக் குடும்பம்தான். கைக்கொழந்தையா ஒரு தமிழ்க் குடும்பம் எடுத்து வளத்தது. வாயத் தொறந்தா என்னவிடச் சுத்தமா தமிழ் வரும். பிலோ புலாவ் தீக்குஸ்காரி. மாதா கோயில்ல பாடுவா. புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். அதையும் ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால நான் சொல்லப்போறதுக்கு அதுதான் காரணம்னு எனக்குத் தோணுது.

மூணு பேரும் வேலைய விட்டு வந்தப்புறம் பிலோதான் ஆரம்பிச்சா. "வயசெல்லாம் ஊசிமுனைய பாத்த கண்ணுடி இது. இனிமே தூரமா எதையாச்சும் பாக்கணும். ஞாயித்துக்கெழம மலையேறலாம் வா"ன்னா. நான் மாட்டேன்னேன். இவருதான், எங்க வீட்டுக்காரருதான், "போ நாகு, ஒடம்புக்கு நல்லது"ன்னு சொன்னாரு. பாத்துக்குங்க, அவருதான் அனுப்பினாரு. யாரோ என்னமோ சொல்றாங்களே, அவருதான் மொதல்ல அனுப்பினாரு.

அனுப்பினா சும்மாவா அனுப்புவாரு? சப்பாத்து அவரே வாங்கிட்டு வந்தாரு. என்னக் கூட்டிட்டுப் போகல, என் காலு அளவு அவருக்குத் தெரியும். காலையில எனக்கு முன்னால எந்திரிச்சு சம்பால் அரைச்சு, முட்ட அவிச்சு, மூணு பேருக்கும் பொட்டலம் கட்டுவாரு. தண்ணிப் போத்தல், மழ கோட்டு, அட்டை கடிச்சா தேய்க்க உப்பு, வேப்பெண்ண. ரெண்டு விசில் வாங்கினாரு, ஜோடியா. ஒண்ணு என் கழுத்துல, ஒண்ணு அவரு சாவிக்கொத்துல. "வழி தப்பினா ஊது, நான் ஊதுவேன்"னாரு. காடியில கொண்டுபோய் தண்ணிமலை அடிவாரத்துல விடுவாரு. நாங்க எறங்கி வர்ற வரைக்கும் அங்கேயே இருப்பாரு. பேப்பர் படிச்சிக்கிட்டு, காடிக் கதவத் தொறந்து வச்சிக்கிட்டு.

மேகலா சொல்லுவா, "நாகேஸ், நீ குடுத்து வச்சவ, எங்க வீட்டு ஆளு நான் செத்தாக்கூட டிவியில பந்து முடிஞ்சப்புறம்தான் எந்திரிப்பாரு"ன்னு. நானும் சிரிப்பேன். குடுத்து வச்சவதான்.

போன் பண்ணுவாரு. அது இருக்கும். ஏற ஆரம்பிச்சதும் ஒண்ணு. தண்ணி குடிச்சியான்னு ஒண்ணு. மேல போயிட்டியான்னு ஒண்ணு. எடுக்கலன்னா எடுக்குற வரைக்கும். அக்கறை தங்கச்சி. பஸ் ஓட்டின மனுஷன், ஃபேக்டரி பஸ்ஸு. அத்தன பொம்பளைங்களையும் வீட்டு வாசல்ல எறக்கிவிட்டுட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு. யாராச்சும் ஒருத்தி வரலன்னா பஸ்ஸ எடுக்கவே மாட்டாரு. என்னையும் அந்த பஸ்லதான் பாத்தாரு. அந்தப் பழக்கம் போகுமா?

ஒரு தடவ ரொம்ப செங்குத்தான எடம், கயித்தப் புடிச்சு ஏறிக்கிட்டிருக்கேன், போன் அடிக்குது. ஒரு கையில கயிறு, ஒரு கையால பையத் தொழாவுறேன். பின்னால வந்த பிலோ படக்குன்னு போன எடுத்தா. "அண்ணே, அவ தண்ணி குடிச்சிட்டா. மூச்சும் விடுறா. கீழ வந்ததும் எண்ணிப் பாத்து வாங்கிக்குங்க"ன்னு சொல்லி வச்சுட்டா. மேகலா சிரிச்சா. எனக்கு வெக்கமாப் போச்சு. அன்னைக்கி வீட்டுக்கு வந்து மூணு நாளு அவரு பேசல. கோவம் இல்ல, அவரு கோவப்படவே மாட்டாரு. பேசல, அவ்வளவுதான். சோத்தப் போட்டா சாப்பிடுவாரு, பேசமாட்டாரு. நான் அடுத்த வாரம் மலைக்குப் போகலன்னு சொன்னப்புறம்தான் பேசினாரு. "ஏன் போகல? போ. நான் ஒன்னத் தடுத்தேனா?" அப்படின்னாரு.

தடுத்ததே இல்ல தங்கச்சி. ஒரு தடவகூட.

அப்புறம் இந்தக் கெராச்சூட் சமாச்சாரம். அது தெலுக் பஹாங் பார்க்குக்குள்ள. ஒரு பக்கம் கடலோரமாவே போற லேசான பாதை. இன்னொரு பக்கம் மலைமேல ஏறி, அந்தாண்ட எறங்கினா ஒரு கடற்கரை வரும். காடி போற சடக்கு கெடையாது, கடை கெடையாது, போனுக்கு லைன் கெடையாது. ஆமை முட்டையிட வருமாம். பிலோ ரொம்ப நாளா சொல்லிக்கிட்டே இருந்தா. இவருகிட்ட கேட்டேன். லைன் இல்லாத எடம் எதுக்குன்னாரு. அதோட விட்டுட்டோம். அன்னைக்கி கடலோரப் பாதைக்குன்னு சொல்லித்தான் கெளம்பினோம். இவரு பார்க் வாசல்ல எறக்கிவிட்டுட்டு, அங்க இருக்கிற கடையில கோப்பி சொல்லிட்டு ஒக்காந்தாரு.

பாதை பிரியிற எடம் வந்துச்சு. பிலோ கேக்கவே இல்ல, நேரா மலைப்பக்கம் திரும்பிட்டா. "அடியே, அவரு காத்துக்கிட்டிருப்பாரு"ன்னேன். "காத்திருக்கட்டும். அதுதான அவருக்குப் புடிச்ச வேலை"ன்னா. மேகலாவும் பின்னாலயே ஏறுறா. நான் என்ன பண்ணுவேன்? தனியாத் திரும்பி வந்தா, ஏன் தனியா வந்தேன்னு கேப்பாரு. அவங்களோட போனா, ஏன் போனேன்னு கேப்பாரு. அந்த எடத்துல நின்னேன் பாருங்க... சரி, நின்னேன். அப்புறம் ஏறினேன். வழி தெரியாதவ தனியாத் திரும்பலாமா? அதுக்காகத்தான் ஏறினேன். வேற ஒண்ணும் இல்ல.

மேல வேரும் கல்லுமா படி. வேர்வை கண்ணுல எறங்குது. உச்சிக்கு வந்தப்ப போன் அடிச்சுது. "எங்க இருக்க?" "நடந்துக்கிட்டிருக்கோம்ங்க." "கடல் தெரியுதா?" எலை வழியா கீழ நீலமா தெரிஞ்சுது. "தெரியுதுங்க"ன்னேன். பொய் இல்லயே அது. அப்புறம் அந்தாண்ட எறங்க ஆரம்பிச்சோம். லைன் ஒண்ணொண்ணாக் கொறஞ்சு அத்துப்போச்சு.

கடற்கரைக்குப் போனா ஆளே இல்ல. என்ன சொல்றது, மணலு, கடலு, அவ்வளவுதான். பினாங்குக்காரங்களுக்குக் கடல் என்ன புதுசா? ஆனா போன எடுத்து எடுத்துப் பாக்குறேன், செத்துக் கெடக்குது. அது அடிக்காதுன்னு தெரியுது. தெரிஞ்சும் எடுத்துப் பாக்குறேன். பிலோ அதப் புடுங்கிப் பையில போட்டா. பொட்டலத்தப் பிரிச்சு சாப்பிட்டோம். சம்பால்ல அன்னைக்கி உப்பு கொஞ்சம் தூக்கல், நான் யாருகிட்டயும் சொல்லல. ஒரு மரத்தடி. தலைய மணல்ல வச்சேன். சும்மா வச்சேன், ஒரு நிமிஷத்துக்கு.

தூங்கிட்டேன் தங்கச்சி.

நான் பகல்ல தூங்குறவ இல்ல. வீட்டுல ராத்திரியே சரியாத் தூங்கமாட்டேன், அவரு பொரண்டா முழிச்சுக்குவேன். அங்க அப்படி ஒரு தூக்கம். கனவு கெனவு ஒண்ணும் இல்ல. முழிச்சுப் பாத்தா நெழலு என் மேலேருந்து நகந்து எங்கயோ போயிருக்கு, வெயிலு மொகத்துல அடிக்குது, அலை வேற மாதிரி சத்தம் போடுது. பிலோவும் மேகலாவும் தூரமா கால தண்ணியில வச்சிக்கிட்டு மெதுவாப் பேசிக்கிட்டிருக்காங்க, என்ன எழுப்பிரக் கூடாதுன்னு. ஒரு நொடி எனக்கு நான் யாருன்னே தெரியல. எந்த ஊரு, என்ன வயசு, ஒண்ணும் தெரியல. யாரும் எங்க இருக்கேன்னு கேக்கல. அது நல்லா... அது ஒரு மாதிரி இருந்துச்சு.

அப்புறம் ஞாபகம் வந்துச்சு.

"ஏன்டி எழுப்பல? ஏன்டி எழுப்பல?"ன்னு கத்துறேன். பிலோ சொல்றா, "ஒன் மொகத்தப் பாத்தேன். எழுப்ப மனசு வரல." இது ஒரு பதிலா? எழுப்பியிருந்தா இன்னைக்கி நான் இங்க ஒக்காந்திருக்க மாட்டேன்ல. நீங்களே சொல்லுங்க.

படகுல போயிரலாம்னு பாத்தா அன்னைக்கி அலை அதிகம், படகு வரல. திரும்பி மலையேறினோம். நான் முன்னால ஓடுறேன், ஏறுறேன், வழுக்குறேன். உச்சிக்கு வந்ததும் போனுக்கு உசிரு வந்துச்சு. டிங் டிங்னு அவரு கூப்பிட்டதெல்லாம் வரிசையா விழுது, நிக்கவே இல்ல. நான் கூப்பிடுறேன், எடுக்கல. மறுபடியும் கூப்பிடுறேன், எடுக்கல. கலியாணமான நாளுலேருந்து அவரு என் போன எடுக்காம இருந்ததில்ல.

கீழ எறங்குறோம். எறங்குறப்ப, காட்டுக்குள்ளேருந்து விசில் சத்தம்.

நானும் ஊதினேன். அங்கேருந்து ஒண்ணு, நான் ஒண்ணு. அங்கேருந்து ஒண்ணு, நான் ஒண்ணு. அப்படியே போய்ப் பாத்தா, பாதைக்குக் கீழ, ரோத்தான் பெரம்பு முள்ளுக்குள்ள கெடக்குறாரு. ஒரு கால் சிலிப்பர் மேல பாதையிலயே நிக்குது. சட்டையெல்லாம் சேறு. கையில கொடை, எனக்காக ஒரு கொடை, இன்னொரு பொட்டலம். என் சாப்பாடு பத்தியிருக்காதுன்னு கடையில தாப்பாவ் கட்டி வாங்கிட்டு வந்திருக்காரு. வாசல்ல கேட்டாராம், மூணு பொம்பளைங்க மலைப்பக்கம்தான் போனாங்கன்னு சொல்லியிருக்காங்க. கேட்டதும் ஏறிட்டாரு.

என்னப் பாத்தாரு. மொகம் சாம்பல் மாதிரி. என்ன கேட்டாரு தெரியுமா?

"சாப்பிட்டியா?"

அதான் கேட்டாரு. வேற ஒண்ணும் கேக்கல. ஏன் இங்க வந்த, ஏன் பொய் சொன்ன, ஒண்ணும் கேக்கல. இன்னைக்கி வரைக்கும் கேக்கல. கேட்டுத் திட்டிப்புட்டா எவ்வளவு நல்லாருக்கும். அப்படிப்பட்ட மனுஷன்.

பிலோ ஒண்ணும் பண்ணலன்னு சொல்லமாட்டேன். அவதான் முள்ளுக்குள்ள மொதல்ல எறங்கினா. கையெல்லாம் கிழிஞ்சு ரத்தம். மேகலா ஓடிப்போய் பார்க் ஆளுங்களக் கூட்டிட்டு வந்தா. ஸ்ட்ரெச்சர்ல கட்டித் தூக்கிட்டு எறங்குறாங்க. வழி முழுக்க என் மணிக்கட்டப் புடிச்சுக்கிட்டாரு. பாதை குறுகலு, நான் பக்கத்துல நடக்க எடமில்ல, செடியில மோதிக்கிட்டே வர்றேன். தூக்குறவங்க விடச் சொல்றாங்க, விடமாட்டேங்குறாரு.

ஆஸ்பத்திரிக்கு வந்தப்புறம், ஆப்பரேஷன் ரூம் வாசல்ல, நான் அழுதுக்கிட்டிருக்கேன். "எனக்காக ஏறினாரே, என்னத் தேடி வந்தாரே"ன்னு. அப்ப பிலோ பக்கத்துல ஒக்காந்து, மெதுவா, ஆறுதல் சொல்ற மாதிரிதான் சொன்னா. "அவரு ஒன்னத் தேடி வரல நாகேஸ். ஒன்னக் கூட்டிட்டுப் போக வந்தாரு."

என்ன அர்த்தம் அதுக்கு? ரெண்டும் ஒண்ணுதான? தேடி வர்றதும் கூட்டிட்டுப் போறதும் ஒண்ணுதான? அதுக்கு மேலயும் சொன்னா. "அவரு நல்லவருதான், இல்லன்னு சொல்லல. கெட்டவனா இருந்திருந்தா நீ என்னைக்கோ வெளிய வந்திருப்ப"ன்னா.

நான் எந்திரிச்சு, "இனிமே என் மொகத்துல முழிக்காத"ன்னு சொல்லிட்டேன். புருஷன் இல்லாதவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பொறாமை. நான் முன்னாலயே சொன்னேன்ல.

அதோட பேச்சு விட்டுப்போச்சு. ஆனா ஞாயித்துக்கெழமையானா ஒரு படம் அனுப்புவா. எழுத்து ஒண்ணும் இருக்காது. மலை, பாதை, ஒரு காளான், மேகலாவோட முதுகு, அப்படி ஏதாச்சும். நான் ஒடனே அழிச்சிருவேன். பாத்துட்டுத்தான். பாக்காம எப்படி அழிக்கிறது?

இப்ப எனக்கு வேலை சரியா இருக்கு தங்கச்சி. எந்திரிக்க வைக்கணும், குளிப்பாட்டணும், கக்கூசுக்குக் கூட்டிட்டுப் போகணும். தொங்காட் குடுத்திருக்காங்க, ஊணிக்கிட்டு நடக்க. அது வழுக்குதுன்னு என் தோளத்தான் புடிச்சுக்குவாரு. பக்கத்து வீட்டுல போய் ரெண்டு கருவேப்பில வாங்குறதுக்குள்ள விசில் சத்தம் வந்துரும். ஆமா, அதே விசிலு, தலகாணிக்கடியில வச்சிருக்காரு. குளிச்சுக்கிட்டிருப்பேன், ஊதுவாரு. ஈரத்தோட ஓடுவேன். "ஒண்ணுமில்ல, இருக்கியான்னு பாத்தேன்"னுவாரு. மகள் ஜொகூர்ல இருக்கா, ஆள் வச்சுக்கலாம்மான்னா. அவருக்கு வேற கை ஒத்துக்காது. வெளிய வர்றதுன்னா இங்க வர்றது ஒண்ணுதான். அவரு உள்ள போனா இந்த நாற்காலி.

கதவு தொறக்குது... இல்ல, இது சித்தி, பேரே அதுதான். இந்த மலாய்க்காரப் பிள்ளைதான் அவருக்கு எக்சசைஸ் சொல்லிக் குடுக்குது. என்னத்தான் கூப்பிடுது. இந்தப் பைய பாத்துக்குங்க, வந்துர்றேன்.

வந்துட்டேன்.

ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல தங்கச்சி. நல்ல சேதிதான். அங்கிளுக்குக் குணமாயிருச்சாம். இன்னைக்கோட போதுமாம், இனிமே இங்க வர வேணாமாம். தனியா நல்லா நடக்குறாராம். மாடிப்படி ஏறி எறங்குறாராம், கைப்பிடி புடிக்காம. எப்பலேருந்துன்னு கேட்டேன். அது என்ன ஒரு மாதிரி பாத்துச்சு. "ரொம்ப நாளாச்சே ஆன்டி. வீட்டுல நடக்குறதில்லையா?"ன்னுச்சு.

நேத்து ராத்திரிகூட தோளப் புடிச்சுக்கிட்டுத்தான் வந்தாரு. இங்க பாருங்க, சட்டைக்குள்ள, வெரல் பதிஞ்ச எடம்.

பயமா இருக்கும். ஆமா, பயம்தான். இங்க இந்தப் பிள்ளை பக்கத்துல நிக்குது, தைரியம் வருது. வீட்டுல நான் மட்டும்தான...

கதவுக் கண்ணாடி வழியாக் காட்டுச்சு. சன்னல் ஓரமா நடந்து போறாரு, கையப் பின்னால கட்டிக்கிட்டு. பஸ்ஸ நிறுத்திட்டு டிப்போவுல நடப்பாரே, அந்த நட. திரும்பினாரு. கண்ணாடியில என்னப் பாத்தாரு. பாத்ததும் முதுகு கூனிருச்சு. கை போய் கம்பியத் தேடுது.

நீங்க ஏன் அப்படிப் பாக்குறீங்க? நான் அழல. ஏசி கண்ணுல அடிக்குது.

அந்தப் பிள்ளை சொல்லுது, "நான் சொன்னா அங்கிள் கேக்கமாட்டாரு, நீங்களே வீட்டுல எடுத்துச் சொல்லுங்க ஆன்டி"ன்னு. சொல்லணும். என்னன்னு சொல்லுவேன்? நீங்க நடக்குறத நான் பாத்துட்டேன்னா? சொன்னா மூணு நாளு பேசமாட்டாரு.

இந்தா வர்றாரு. வாங்கங்க. மெதுவா, மெதுவா. நான் இருக்கேன், தோளப் புடிச்சுக்குங்க. இவங்களா? இவங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக்காம், பாவம். சும்மா பேசிக்கிட்டிருந்தோம். மழையப் பத்தித்தான்.

என்னது? சித்தியா? என்ன கூப்பிட்டு என்ன சொல்லுச்சுன்னா...

இன்னும் கொஞ்ச நாளு வரணுமாங்க. ஆமா, அடுத்த வாரமும். இதே செவ்வாய்க்கெழமதான்.

நான் வரட்டுமா தங்கச்சி? நீங்களும் செவ்வாய்க்கெழமதான வருவீங்க?